ஒரு பட்டை தள்ளிப் பிடித்த கதை

இருபது வருடம் ஷட்டில் ஆடிப் பழகிய கை என்னுடையது. நாங்கள் ஆடிக்கொண்டிருந்த கூடத்தை அதன் சொந்தக்காரர் கல்யாண மண்டபமாக்கிவிட்டார். "முகூர்த்தம் இல்லாத நாள்ல வந்து ஆடிக்குங்க சார்" என்று தாராளமாகத்தான் சொன்னார். தரையில் ஒட்டியிருந்த சாம்பார்ப் பிசுக்கில் இரண்டு முறை வழுக்கி விழுந்த பிறகு அந்த ஆசையை விட்டேன். அப்படித்தான் 41 வயதில், சென்னையில் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பழைய மண் கோர்ட்டில் டென்னிஸ் மட்டையைக் கையில் எடுத்தேன்.

ஷட்டில் ஆடுகிறவருக்கு டென்னிஸ் ஒரே மாதத்தில் வந்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். பாதி உண்மை. சர்வீஸ் சீக்கிரம் வந்தது. நெட் அருகே நின்று அடிக்கும் வாலியும் வந்தது. அந்த இரண்டுக்கும் வேண்டிய பிடி, ஷட்டில் பிடிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஃபோர்ஹேண்ட், அதாவது மட்டை பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை உள்ளங்கை முன்னால் பார்க்க அடிப்பது, அது மட்டும் வரவில்லை. அது ஓரளவுக்கு வர நாலு வருடம் ஆனது. அதில் இரண்டு வருடம் நானே தேடிப்போய் வாங்கிக்கொண்ட வினை.

ஷட்டில் காக் சுமார் 5 கிராம். அதை அடிக்கும் மட்டையும் 100 கிராமுக்குள்தான். டென்னிஸ் பந்தோ 56 முதல் 59.4 கிராம் வரை. மட்டை, ஸ்ட்ரிங்கோடு சேர்த்து 300 கிராமுக்கு மேல். ஷட்டிலில் கடைசி நேரத்தில் மணிக்கட்டைச் சுண்டினால் காக் பறக்கும். அதே சுண்டலை டென்னிஸில் செய்தபோது என் பந்து நெட்டில் விழும், அல்லது பின்வேலியில் மோதும், அல்லது பக்கத்து கோர்ட்டில் ஆடுகிறவரின் காலடிக்குப் போகும். எங்கே போகப்போகிறது என்று அடிக்கிற எனக்கே தெரியாது. பத்து மடங்கு கனமான பொருளை அந்தச் சின்ன மூட்டு எப்படித் தாங்கும் என்று அப்போது யோசிக்கவில்லை. கை பழகிவிட்டால் புத்தி குறுக்கே வராது.

அந்த கோர்ட்டில் ஒரு மார்க்கர் இருந்தார். மார்க்கர் என்றால் கிளப்பில் சம்பளத்துக்கு இருப்பவர். ஆள் குறைந்தால் கூட ஆடுவார், புதியவர்களுக்குப் பந்து போட்டுக்கொடுப்பார். பல பேர் சின்ன வயதில் பந்து பொறுக்க வந்து, பார்த்துப் பார்த்தே ஆட்டம் கற்றவர்கள். இவரும் அப்படித்தான். ஐம்பதைத் தாண்டியவர். கையில் ஓரம் தேய்ந்த மட்டை. விடியற்காலையில் தரைக்குத் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, கோடுகளைத் துடைத்துவிட்டு, அதே மூச்சில் எங்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடவிடுவார். கோச் என்று அவரை யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு ஃபோர்ஹேண்ட் சொல்லிக்கொடுத்தது அவர்தான். ஆனால் அவர் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் நான் சுற்றிய சுற்று ஒன்று இருக்கிறது.

அதைச் சொல்லக் கைப்பிடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டென்னிஸ் மட்டையின் கைப்பிடி உருண்டை இல்லை, எட்டுப்பட்டை. மட்டையின் விளிம்பு தரையைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்தால், உச்சியில் தட்டையாக இருப்பது 1-ஆம் பட்டை. வலக்கைக்காரர் அங்கிருந்து வலப்பக்கமாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். ஆள்காட்டி விரல் உள்ளங்கையோடு சேரும் இடத்தில் ஒரு முட்டு இருக்கிறதல்லவா, அது எந்தப் பட்டையில் உட்காருகிறதோ அதை வைத்துத்தான் பிடிக்குப் பெயர். 2-இல் உட்கார்ந்தால் கான்டினென்டல்; சுத்தியலைப் பிடிப்பதுபோல. 3-இல் ஈஸ்டர்ன், ஒருவரிடம் கைகுலுக்குவதுபோல. 4-இல் செமி-வெஸ்டர்ன். 5-இல் வெஸ்டர்ன், உள்ளங்கை ஏறக்குறைய கைப்பிடிக்கு அடியிலேயே போய்விடும். இடக்கைக்காரர்கள் எதிர்ப்பக்கமாக எண்ண வேண்டும். இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்தது.

2008 ஜனவரியில் நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தில் சென்னை ஓப்பன் அரையிறுதி பார்த்தேன். ஸ்பெயின்காரர்கள் நடாலும் மோயாவும் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆடினார்கள். மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி டைபிரேக்கில்தான் முடிந்தன. நான் அப்போது ஷட்டில்காரன், சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன். ஆனாலும் நடாலின் ஃபோர்ஹேண்ட் கண்ணிலேயே நின்றுவிட்டது. அடித்து முடித்ததும் மட்டை அவர் தலைக்கு மேல் சாட்டை மாதிரிச் சுழலும். பந்து நெட்டுக்கு மேலே வெகு உயரத்தில் போய், அவுட்தான் என்று நினைக்கும்போது சட்டென்று உள்ளே விழுந்து, எதிராளியின் தோளுக்கு எகிறும். மறுநாள் இறுதியாட்டத்தில், களைத்துப்போயிருந்த அதே நடாலை ரஷ்யாவின் யூஷ்னி 6-0, 6-1 என்று சுருட்டிவிட்டார். அந்தப் பாடம் எனக்கு ஏறவில்லை. சாட்டைதான் ஏறியது.

அந்த ஞாபகத்தில், என் ஃபோர்ஹேண்ட் திண்டாடிய காலத்தில், நடாலின் படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பட்டைகளை எண்ணினேன். மேலிருந்து வலப்பக்கமாக எண்ணினால் 6 வந்தது. நானும் விரல்முட்டு 6-ஆம் பட்டையில் உட்காரும்படி பிடித்தேன். கை ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டது. சரி, கொஞ்சம் குறைத்துக்கொள்வோம் என்று 5-க்கு வந்தேன். அவர் இடக்கைக்காரர், அவருடைய பிடி எனக்கு 4-க்குச் சமம் என்பது உறைக்கப் பல மாதங்கள் ஆயின. நடாலைப் பார்த்துக் காப்பி அடித்த நான் நடாலைவிடத் தீவிரவாதியாகிவிட்டேன்.

நடால் போடுகிறார் என்று பாலியெஸ்டர் ஸ்ட்ரிங் வேறு, 56 பவுண்டு இழுப்பில். கடைக்காரர் "உங்களுக்கு வேண்டாம் சார், கை வலிக்கும்" என்றார். கேட்கவில்லை.

எங்கள் மண் கோர்ட்டில், மூன்று வாரம் ஆடிய பந்தில், பந்து முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில்தான் வரும். வெஸ்டர்ன் பிடியில் மட்டையின் முகம் இயல்பாகவே தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். தோள் உயரத்துக்கு எகிறி வரும் பந்துக்கு அது பொருத்தம். தாழ்வாக வரும் பந்தை அதை வைத்துத் தூக்குவது, கவிழ்த்த கரண்டியால் ரசம் ஊற்றுகிற கதை. நான் மணிக்கட்டை முறுக்கி முறுக்கித் தூக்கினேன். எட்டு மாதத்தில் மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் வலி வந்தது. முதலில் ஆடும்போது, அப்புறம் கதவுக் குமிழைத் திருகும்போது, கடைசியில் காப்பி டம்ளரைத் தூக்கும்போது. தசைநாணில் அழற்சி என்று சொல்லி, ஆறு வாரம் மட்டையைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பிப் போனபோது மார்க்கரிடம் கேட்டேன்: "அண்ணே, எந்த கிரிப் பிடிக்கட்டும்?"

"கிரிப்பை விடுங்க சார். நீங்க பந்தை எங்க வாங்கறீங்க?"

புரியவில்லை. பந்து ஸ்ட்ரிங்கில் படும் இடத்தைத்தான் அவர் 'வாங்குற இடம்' என்பார். என்னை மட்டையோடு நிற்கச் சொன்னார். எதிரே வந்து, மட்டையின் முகத்தில் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "தள்ளுங்க" என்றார். நான் வழக்கமாகப் பந்தை வாங்கும் இடத்தில், அதாவது உடம்புக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்னாலேயே மட்டையை வைத்துத் தள்ளினேன். மணிக்கட்டு மடங்கியதே தவிர அவர் கை அசையவில்லை. என் கையைப் பிடித்துக் கொஞ்சம் முன்னால் இழுத்து வைத்தார். "இப்ப தள்ளுங்க." இன்னும் தளர்வுதான். இன்னும் முன்னால், இன்னும் மேலே, என் முன்னங்கால் விரல்களைத் தாண்டி நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே தள்ளியபோது அவர் ஓரடி பின்னால் போனார். "இதான் சார் இந்தப் பிடிக்கு வாங்குற இடம். இங்க உங்களுக்கு எப்பவாவது பந்து வந்திருக்கா?"

வந்ததே இல்லை.

அப்புறம் ஒவ்வொரு பட்டையாக மாற்றி அதே சோதனையைச் செய்தார். கான்டினென்டலில் பலம் இருந்தது உடம்புக்கு நேர் பக்கத்தில், தாழ்வாக. ஈஸ்டர்னில் முன் இடுப்புக்கு ஒரு முழம் முன்னால், இடுப்பு உயரத்தில். செமி-வெஸ்டர்னில் அதற்கும் முன்னால், இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில். எட்டுப்பட்டையில் ஒரு பட்டை நகர்ந்தால் பந்தை வாங்கும் இடமும் கூடவே நகர்கிறது. நான் பிடியை 2-இலிருந்து 5-க்கு மூன்று பட்டை நகர்த்திவிட்டு, வாங்கும் இடத்தை ஷட்டில் காலத்து இடத்திலேயே விட்டுவைத்திருந்தேன். இதற்கு முன் எத்தனையோ வீடியோ பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் பிடியின் பெயர் இருந்தது. இந்தத் தள்ளும் சோதனை இல்லை, அல்லது இருந்தும் என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டில் கூட ஆள் இல்லாதவர்கள் வாசல் தூணில் மட்டையின் முகத்தைச் சாய்த்துத் தள்ளிப் பார்க்கலாம். மணிக்கட்டு மடங்காமல், தோளிலிருந்து வரும் பலம் தூண் வரைக்கும் நேராகப் போகிற ஓர் இடம் ஒவ்வொரு பிடிக்கும் உண்டு. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு, உங்கள் கோர்ட்டில் உங்களுக்கு வரும் பந்து அந்த உயரத்தில் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் பிடியை மாற்ற வேண்டியதுதான். மார்க்கர் எனக்குச் சொன்னதும் அதேதான்: "நம்ம கோர்ட்ல பந்து இடுப்புக்கு மேல வர்றதே அபூர்வம் சார். அதுக்கு ஏத்த பிடி போதும்." 3-க்கும் 4-க்கும் நடுவில், 3-இன் பக்கம் சாய்ந்தாற்போல நின்றேன். ஃபெடரரின் பிடியும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் ஒற்றுமை அத்தோடு சரி.

தரைக்கும் பிடிக்கும் உள்ள இந்தச் சம்பந்தம் அந்தப் பெயர்களிலேயே இருக்கிறது. வெஸ்டர்ன் என்பது அமெரிக்காவின் மேற்குக் கரை, கலிஃபோர்னியா. அங்கே சிமென்ட் தரை, பந்து நன்றாக எகிறும். அங்கிருந்து வந்த ஆட்டக்காரர் பில் ஜான்ஸ்டன் குள்ளமானவர். உயர எகிறும் பந்துக்கு அவர் கை அந்தப் பிடிக்குப் போனதில் ஆச்சரியமில்லை. அதை வைத்தே 1923-இல் விம்பிள்டன் புல்தரையிலும் ஜெயித்தார். மற்றபடி புல்லில் பந்து தாழ்வாக, வழுக்கிக்கொண்டு வரும். 1974 வரைக்கும் நாலு கிராண்ட்ஸ்லாமில் மூன்று புல்தரையில்தான் நடந்தன. அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலர் கான்டினென்டல், ஈஸ்டர்ன் பிடிகளிலேயே காலம் தள்ளினார்கள். 1960-இலும் 1961-இலும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போன ராமநாதன் கிருஷ்ணன் அந்தப் புல்தரைக் காலத்து ஆள். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன், முரட்டு டாப்ஸ்பின், அதாவது பந்தை முன்பக்கமாகச் சுழலவிடும் அடி, வந்துவிட்ட 80-களிலும் மென்மையாகத் தொட்டு, தட்டையாக அடித்தே ஆடினார். 1989 ஆஸ்திரேலியன் ஓப்பனில் முந்தைய வருடச் சாம்பியன் விலாண்டரை வீட்டுக்கு அனுப்பினார். வெஸ்டர்ன் இல்லாவிட்டால் டென்னிஸே இல்லை என்று சொல்கிற இளைஞர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வேன். அவர்கள் ரமேஷ் கிருஷ்ணன் யார் என்று கேட்பார்கள்.

சரி, ஸ்விங்குக்கு வருகிறேன். இதில் மார்க்கர் என்னிடம் திருத்தியவை நிறைய. எனக்கு உண்மையில் உதவியவை மூன்றுதான்.

முதலாவது இடக்கை. ஷட்டிலில் இடக்கைக்கு வேலை கொஞ்சம்தான். இங்கே பந்து எதிராளியின் மட்டையை விட்டுக் கிளம்பியதும், இடக்கையால் மட்டையின் கழுத்தைப் பிடித்தபடியே உடம்பைத் திருப்ப வேண்டும். இடக்கை விடாதவரைக்கும் தோளும் கூடவே திரும்பித்தான் ஆக வேண்டும். வேறு வழியே இல்லை. நான் கையை மட்டும் பின்னால் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். தோள் திரும்பாமல் கை மட்டும் பின்னால் போனால், பந்தை வாங்கும்போது கை தாமதமாகத்தான் வந்து சேரும். இரண்டு வருடம் நான் லேட்டாக அடித்ததற்குக் காரணம் இதுதான். வேகமாக ஓடாததுதான் காரணம் என்று நினைத்துக் கால்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, பந்துக்குக் கீழே போய் மேலே வருவது. இதில் ஒரு பெரிய தப்பான உபதேசம் உலாவுகிறது: "பந்து பட்டதும் மட்டையை அதன் மேல் சுருட்டு, டாப்ஸ்பின் வரும்." பந்து ஸ்ட்ரிங்கில் தங்குவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு நேரம், சுமாராக. அதற்குள் யாரும் எதையும் சுருட்ட முடியாது. பந்து பட்டதை மூளை உணர்வதற்குள் அது நெட்டை நோக்கிப் பாதி தூரம் போயிருக்கும். சுழற்சி வருவது, மட்டை பந்தின் உயரத்துக்குக் கீழேயிருந்து கிளம்பி, அதை உரசிக்கொண்டு மேலே போவதால்தான். முன்பக்கமாகச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்துகிறது. அதனால்தான் நெட்டுக்கு மேலே மூன்றடி விட்டு அடித்தாலும் பந்து கோட்டுக்குள் விழுகிறது. நடாலின் ஃபோர்ஹேண்ட் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுழல்வதாக அளந்திருக்கிறார்கள். நமக்கு அதெல்லாம் வேண்டாம். பந்து நெட்டைத் தாண்டித் தானாகக் கீழே இறங்கினால் போதும்.

மூன்றாவது, முடிவு. "அடிச்ச மட்டையை நீங்களே கேட்ச் பிடிங்க" என்பார். இடது தோளுக்கு மேல் வந்த மட்டையை இடக்கையால் பிடித்து நிறுத்த வேண்டும். கேட்க வேடிக்கையாக இருந்தாலும், நடுவழியில் பயந்து ஸ்விங்கை நிறுத்துகிற என் பழைய கெட்ட பழக்கம் இதனால் பாதிக்கு மேல் போய்விட்டது. பிடியின் இறுக்கத்துக்கு அவர் உதாரணம் ஆவின் பால் பாக்கெட். ஓரம் வெட்டிய பாக்கெட்டை அழுத்தினால் பீய்ச்சும், விட்டால் விழும். அந்த அளவுக்குப் பிடித்தால் போதும். பந்து படும் நேரத்தில் கை தானாக இறுகிக்கொள்ளும், நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழைய பிடியை மறக்க வைப்பதுதான் பெரும்பாடு. மூளைக்குத் தெரிந்தாலும் அவசரத்தில் கை 2-ஆம் பட்டைக்கே போகும். முதலில் ஓவர்கிரிப்பில், அதாவது கைப்பிடியின் மேல் சுற்றும் மெல்லிய நாடாவில், ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்தேன். சென்னை வியர்வையில் அது அரைமணி நேரம் தாங்கவில்லை, உள்ளங்கைதான் நீலமானது. பிறகு சரியான பட்டையின் மேல், ஓவர்கிரிப்புக்கு அடியில், எலக்ட்ரீஷியன் ஒட்டுகிற இன்சுலேஷன் டேப்பில் அரிசி அளவுக்குச் சின்ன உருண்டை செய்து ஒட்டினேன். விரல்முட்டு அதன் மேல் உட்கார்ந்தால் கண்ணால் பார்க்காமலே தெரியும். இரவு டிவி பார்க்கும்போது மட்டையைக் கையில் சுழற்றி, பார்க்காமல் அந்த மேட்டைத் தேடிப் பிடிப்பேன். என் மனைவி ஒரு மாதம் பொறுத்தார்.

கூடவே ஸ்ட்ரிங்கை மாற்றினேன். பல மெல்லிய இழைகள் சேர்ந்த, மென்மையான மல்டிஃபிலமென்ட், 50 பவுண்டு. கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். ஓவர்கிரிப்பை இங்கே வாரத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும். வழுக்கும் கைப்பிடியை நாம் அறியாமலே இறுக்கிப் பிடிப்போம். இறுக்கினால் முழங்கைக்கு வரும்.

பயிற்சிக்கு நான் நம்புவது இரண்டைத்தான். ஒன்று, பந்தை நானே கீழே போட்டு, எகிறியதை அடிப்பது. ஒரு பெயின்ட் வாளி நிறையப் பழைய பந்து, தினம் 50. வரும் பந்தின் வேகத்தைச் சமாளிக்கும் கவலை இல்லாததால் வாங்கும் இடத்தை மட்டும் கவனிக்கலாம். இன்னொன்று குறுக்கே அடிப்பது. கோர்ட்டின் நீளம் 78 அடி. மூலைக்கு மூலை போனால் 82 அடிக்கு மேல். நெட் ஓரத்தில் மூன்றரை அடி, நடுவில் மூன்றடி. குறுக்கே அடிக்கும் பந்து நெட்டின் தாழ்ந்த பகுதி வழியாகப் போய், நீளமான இடத்தில் விழுகிறது. கோட்டோரம் நேராக அடிக்கும் ஆசை எனக்கும் உண்டு. அது பத்தில் ஏழு தடவை எதிராளிக்குப் புள்ளி தரும் ஆசை.

மூன்றாம் வருடக் கடைசியில், ஒரு சனிக்கிழமை காலை, மார்க்கரோடு குறுக்கே அடித்துக்கொண்டிருந்தபோது 22 பந்து தொடர்ந்து போய் வந்தது. 23-ஆவது நெட். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த பந்தை எடுத்தார். அன்றைக்கு மணிக்கட்டு வலிக்கவில்லை என்பதே வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது.

போன ஞாயிறு டபுள்ஸ். 5-5, 40-30, என் பக்கத்துக்குக் குட்டையாக, மெதுவாக ஒரு பந்து வந்தது. சின்னப் பையன்கூட அடித்துவிடுவான். ஓடினேன், நேரம் தாராளமாக இருந்தது. எங்கிருந்தோ அந்தப் பழைய ஷட்டில்காரன் வந்துவிட்டான். மணிக்கட்டு ஒரு சுண்டு சுண்டியது. பந்து வேலியைத் தாண்டி, வேப்பமரக் கிளையில் பட்டு, வெளியே நின்றிருந்த ஆட்டோவின் மேல் விழுந்தது. அடுத்த கோர்ட்டில் யாருக்கோ பந்து போட்டுக்கொண்டிருந்த மார்க்கர் திரும்பிப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. வலக்கையை உயர்த்தி, இடக்கை விரலால் தன் ஆள்காட்டி விரலின் அடிமுட்டை இரண்டு தட்டு தட்டிக் காட்டிவிட்டு, அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.